லயத்துக் காய்ச்சலும் பன்றிக் கொட்டிலும்: இரு திசையிலும் போகும் வைரஸ் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பன்றி இருமத் தொடங்கினால், அதிலிருந்து மனிதருக்கு என்ன தொற்றும் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அந்தப் பன்றிக்குத் தீனி வைத்தவருக்கு முந்திய வாரம் காய்ச்சல் இருந்ததா என்று கேட்பவர் குறைவு. இன்ஃபுளுவென்சாவைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதையே. மனிதரிடமும் பன்றிகளிடமும் எடுத்த வைரஸ்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன. பன்றியிலிருந்து மனிதருக்கு வந்து நிலைத்த தடவைகளைவிட, மனிதரிலிருந்து பன்றிக்குப் போய் நிலைத்த தடவைகளே மிக அதிகம். நோர்வேயின் பன்றிகளிடம் 2009 வரை இன்ஃபுளுவென்சா இருக்கவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் பெருந்தொற்று எச்1என்1 வைரஸ் அங்குள்ள பண்ணைகளுக்குள் நுழைந்தது, கொண்டுபோனவர்கள் மனிதர்கள். இலங்கையிலும் இறைச்சிக்கூடங்களில் பன்றிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளில் 2009க்கும் 2012க்கும் இடையே இதே வைரஸ் கிடைத்தது. அது இங்குள்ள மனிதரிடமிருந்து பன்றிகளுக்குத் தாவியது என்பதை மரபணு ஒப்பீடு காட்டியது.

கீழே வருவது எந்தத் தோட்டத்தையும் எந்தக் குடும்பத்தையும் சுட்டுவதல்ல. நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் வழக்கமாகக் காணும் வீட்டமைப்பு, வேலை நேரம், கால்நடை வளர்ப்பு ஆகியவற்றை வைத்து, இந்த நோயின் அறியப்பட்ட கால அளவுகளுக்குப் பொருந்தும்படி அமைத்த மாதிரி நிகழ்வு இது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் வேலை செய்பவர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது.

இடமும் ஆட்களும்

ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில் பத்துக் காம்பிராக்கள் கொண்ட ஒரு லயம், அதாவது அறைகள் ஒட்டி ஒட்டி வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பு. அதற்குக் கீழே, சரிவில் பன்னிரண்டு மீற்றர் தள்ளி ஒரு பன்றிக் கொட்டில். சீமெந்துத் தரை, தகரக் கூரை. பனிக்கு அடக்கமாக மூன்று பக்கமும் உரப்பைகளைத் தைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு தாய்ப்பன்றி, பத்து வாரம் வளர்ந்த ஏழு குட்டிகள். தீனி தவிடும், டவுன் ஓட்டலில் இருந்து வாளியில் வரும் மிச்சச் சாப்பாடும். தண்ணீர் லயத்துக்கு வரும் அதே பீலியில் இருந்து.

வீட்டில் ஐந்து பேர். தாய் கொழுந்து பறிக்கிறார். தகப்பன் தோட்ட வேலை முடிந்தபின் பன்றிகளைப் பார்க்கிறார். பாட்டி வீட்டோடு. மூத்த பிள்ளை பள்ளிக்கூடம், இளையது பிள்ளைக் காம்பிரா (தோட்டத்தின் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்). கொட்டிலுக்குள் இறங்குபவர் தகப்பன் ஒருவர்தான். அவருக்கு முடியாமல் போனால் அந்த வேலையை எடுத்துச் செய்ய வீட்டில் வேறு ஆள் இல்லை. இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

நாள் வாரியாக

இளைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளை 0 என்று வைப்போம். அந்த வாரம் பிள்ளைக் காம்பிராவில் ஏற்கனவே இரண்டு பிள்ளைகளுக்குத் தடிமனும் காய்ச்சலும் இருந்தன. டிஸ்பென்சரிப் புத்தகத்தில் அவை தனித்தனி வரிகளாகக் கிடக்கின்றன, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் இல்லை.

2ஆம் நாள் தாய்க்கும் மூத்த பிள்ளைக்கும். தாய் பனடோல் போட்டுக்கொண்டு பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நிற்கிறார், நிற்காவிட்டால் அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை. 3ஆம் நாள் இரவு தகப்பனுக்குக் குளிர்காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல். 4ஆம் நாள் அவர் மலைக்குப் போகவில்லை. ஆனால் காலையும் மாலையும் கொட்டிலுக்கு இறங்கித் தீனி வைக்கிறார், தரை கழுவுகிறார், வயிற்றுக் கழிச்சல் இருந்த ஒரு குட்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். முகக்கவசம் இல்லை.

5ஆம் நாள் ஒரு குட்டி தீனிக்கு எழும்பவில்லை. 6ஆம் நாள் மூன்று குட்டிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. எழுப்பினால் நாய் குரைப்பது போன்ற கடும் இருமல், மூக்கில் தெளிவான சளி, கண்ணோரம் ஈரம். 7ஆம் நாள் ஏழு குட்டிகளும் தாய்ப்பன்றியும் படுக்கை. வெப்பமானி ஆசனவாயில் 41.2 பாகை செல்சியஸ் காட்டுகிறது. பன்றிக்கு வழக்கமான அளவு 39 பாகையை ஒட்டியது. அன்று குட்டிகளைப் பிடித்துக்கொடுக்கப் பக்கத்துக் காம்பிராக்காரர் வருகிறார். 8ஆம் நாள் அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், அந்தப் பிள்ளையும் அதே பிள்ளைக் காம்பிராவுக்குப் போகிறது. 9ஆம் நாள் அவருக்கும் காய்ச்சல்.

11ஆம் நாளுக்குள் குட்டிகள் எழுந்து தீனி தின்கின்றன. ஒன்றும் சாகவில்லை. ஒரு குட்டி மட்டும் மெலிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு பின்தங்குகிறது.

முதலில் விலக்க வேண்டியது வேறொரு நோய்

7ஆம் நாள் கொட்டிலைப் பார்க்கும் எந்த மிருக வைத்தியருக்கும் முதலில் வர வேண்டிய சந்தேகம் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2024 ஒக்டோபரில் அது இலங்கையில் அறிவிக்கப்பட்டபின், எட்டுப் பன்றிகள் ஒரே நாளில் 41 பாகை காய்ச்சலோடு படுத்திருப்பதை "சளிதான்" என்று விட்டுவிட எவருக்கும் உரிமை இல்லை. அந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றியிலிருந்து பன்றிக்குப் போக மனிதரின் பூட்ஸ், வாளி, ஓட்டல் மிச்சத்தில் கிடக்கும் ஒரு துண்டு இறைச்சி, இதில் ஏதாவது ஒன்று போதும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது சாவும் வேகமும். இன்ஃபுளுவென்சாவில் ஏறக்குறைய எல்லாப் பன்றிகளும் இரண்டு மூன்று நாளுக்குள் விழும், ஐந்து முதல் ஏழு நாளில் எழும், சாவு மிகக் குறைவு. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் காதும் வயிறும் சிவந்து நீலம் பாரிக்கும், சாணத்தில் இரத்தம் வரலாம், சாவு தொடர்ந்து வரும். ஆனால் முதல் இரண்டு நாளில் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் மூக்கு மாதிரியோடு இரத்த மாதிரியையும் சேர்த்தே எடுக்க வேண்டும். முடிவு வரும்வரை பன்றியோ இறைச்சியோ கொட்டிலை விட்டு வெளியே போகக்கூடாது. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் இப்படியான நோய்ச் சந்தேகத்தை அறிவிப்பது வளர்ப்பவரின் கடமையும்கூட.

பெரும்பாலும் நடப்பது இதற்கு நேரெதிர். பன்றி படுத்ததும் பயம் பிடித்து, சாகுமுன் விற்றுவிட வேண்டும் என்று இறைச்சிக்காரருக்குப் போன் போகிறது. வைரஸை அதிகமாக வெளியிடும் நாட்களிலேயே எட்டுப் பன்றிகள் ஒரு லொறியில் ஏறி, இன்னும் பத்துக் கொட்டில்களின் பன்றிகள் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேருகின்றன.

மாதிரி எடுத்தல்

இங்கே நேரம்தான் எல்லாம். காய்ச்சல் ஏறிய முதல் மூன்று நாளுக்குள் எடுத்த மூக்கு மாதிரியில் வைரஸ் நிறைய இருக்கும். ஐந்தாம் நாளுக்குப் பின் விரைவாகக் குறையும், ஏழாம் நாளுக்குப் பின் பெரும்பாலும் இராது. எனவே நன்றாகச் சோர்ந்து கிடக்கும் குட்டியை விட, இன்று காலைதான் காய்ச்சல் ஏறிய குட்டியே நல்ல மாதிரி தரும். மிகவும் மோசமாக இருப்பதைத் தேடிப் பிடிப்பவர்கள் பல தடவை நோயின் கடைசி நாட்களில் இருக்கும் விலங்கைப் பிடித்துவிட்டு, "இல்லை" என்ற முடிவோடு திரும்புகிறார்கள்.

பிளாஸ்டிக் தண்டில் செயற்கை நார் சுற்றிய குச்சி வேண்டும். மரத்தண்டும் பருத்தியும் உள்ள குச்சி பிசிஆர் சோதனையைக் கெடுக்கக்கூடும். இரண்டு நாசியிலும் மெல்லச் சுழற்றி எடுத்து, வைரஸ் காவு திரவம் (வைரஸைக் கெடாமல் கொண்டுபோக உதவும் திரவம்) உள்ள குழாயில் நனைத்துத் தண்டை முறித்து மூட வேண்டும். குழாயில் பன்றியின் அடையாளம், திகதி, அன்றைய வெப்பநிலை, நோயின் எத்தனையாவது நாள் என்பவை எழுதப்பட வேண்டும். கடைசி இரண்டும் இல்லாத குழாய்க்கு வரும் முடிவை எப்படி வாசிப்பது என்று பின்னர் யாருக்கும் தெரியாது.

பன்றியைப் பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் கயிற்று முறை இருக்கிறது. சாயம் ஏற்றாத தடித்த பருத்திக் கயிறு ஒன்றைப் பன்றியின் தோள் உயரத்தில் தொங்கவிட்டால் அவை தாமாகவே வந்து கடித்துச் சப்பும். 20 முதல் 30 நிமிடம் கழித்து நனைந்த முனையை ஒரு பொலித்தீன் பைக்குள் விட்டுப் பிழிந்து, பையின் ஒரு மூலையை வெட்டினால் வாய்நீர் குழாய்க்குள் இறங்கும். ஒரு கயிறு இருபது பன்றிகள் வரை போதும். ஆனால் காய்ச்சலில் படுத்த பன்றி கயிற்றுக்கு எழும்பாது. இந்த முறை நோய் தொடங்கும்போதும், பின்னர் தொற்று ஓய்ந்ததா என்று பார்க்கவுமே உதவும்.

எடுத்த மாதிரி 4 பாகை செல்சியஸில், ஐஸ் பெட்டியில், 72 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் சேர வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைப்பது தவறு. மைனஸ் 20 பாகையில் உறைந்து உருகும்போது வைரஸ் சிதையும். சேமிக்க வேண்டுமென்றால் மைனஸ் 70 வேண்டும். நுவரெலியாவிலிருந்து பேராதனைக்குப் பக்கத்துக் கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பகல் பயணம்தான். விலங்கு மாதிரிக்கு அதுதான் வழி.

மனித மாதிரியின் பாதை வேறு. மூக்கிலும் தொண்டையிலும் எடுத்து, வைத்தியசாலை வழியாகக் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகிறது. படிவம் வேறு, திணைக்களம் வேறு, அமைச்சும் வேறு. தகப்பனின் மாதிரியும் அவருடைய பன்றியின் மாதிரியும் 12 மீற்றர் இடைவெளியில் எடுக்கப்பட்டு, ஒன்றையொன்று ஒருநாளும் சந்திக்காத இரண்டு கோப்புகளில் முடிந்துபோகலாம். இதைத் தடுக்க இரண்டு படிவத்திலும் ஒரே நிகழ்வு எண்ணை எழுதி, "வீட்டு விலங்குகளிலும் ஒரே காலத்தில் நோய்", "வளர்ப்பவர் வீட்டிலும் ஒரே காலத்தில் காய்ச்சல்" என்று குறிப்பிட்டு, சுகாதார வைத்திய அதிகாரியும் மிருக வைத்திய அதிகாரியும் தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டும். செலவே இல்லாத வேலை, இருந்தும் விடுபடுவது பெரும்பாலும் இதுதான்.

விரைவுச் சோதனை அட்டையில் ஒரு கோடு மட்டும் வந்தால் நோய் இல்லை என்று எழுதக்கூடாது. இன்ஃபுளுவென்சா உள்ள மனிதரிலேயே அது பலரைத் தவறவிடும்.

திசையைத் தீர்மானித்தல்

இரண்டு பக்கத்திலும் எச்1என்1 பெருந்தொற்று வகையே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். எது எதற்குக் கொடுத்தது?

முதலில் நாட்காட்டி. மனிதரில் தொற்றியதிலிருந்து அறிகுறி வரை ஒன்று முதல் நான்கு நாள். அறிகுறிக்கு ஒரு நாள் முன்பிருந்து, பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை அவர் பிறருக்குக் கொடுக்கலாம். சிறு பிள்ளைகள் பத்து நாளும் அதற்கு மேலும். பன்றியில் ஒன்று முதல் மூன்று நாள். முதல் குட்டி விழுந்தது 5ஆம் நாள் என்றால், அதற்குத் தொற்றியது 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில். தகப்பன் தொற்றும் நிலைக்கு வந்தது 2ஆம் நாளளவில். 4ஆம் நாள் குட்டியை முகத்துக்கு நேரே தூக்கியிருக்கிறார். இரண்டும் பொருந்துகின்றன.

எதிர்த்திசையையும் சோதிக்காமல் விடக்கூடாது. பன்றிதான் பிள்ளைக்குக் கொடுத்தது என்றால், 0ஆம் நாளுக்கு முன்பே கொட்டிலில் வைரஸ் இருந்திருக்க வேண்டும். கடந்த மூன்று வாரத்தில் புதுக்குட்டி வாங்கினார்களா, இனச்சேர்க்கைக்குக் கிடாய்ப்பன்றி வந்ததா, பன்றி வாங்குபவர் கொட்டிலுக்குள் இறங்கினாரா என்று கேட்க வேண்டும். இந்த நிகழ்வில் மூன்றுக்கும் இல்லை என்பதே பதில். இளைய பிள்ளை கொட்டிலுக்குப் போவதில்லை, அது போகும் பிள்ளைக் காம்பிராவில் முன்பே நோய் இருந்தது. ஏழு குட்டிகளும் இரண்டு நாளுக்குள் விழுந்ததும் முக்கியமான சான்று. அந்தக் கொட்டிலுக்கு இந்த வைரஸ் புதிது, முன்பே சுற்றிக்கொண்டிருந்தால் எதிர்ப்புள்ள சில பன்றிகள் தப்பியிருக்கும். மனிதரிலிருந்து பன்றிக்கு என்று இந்தப் பகுதியை உறுதியோடு எழுதலாம்.

பக்கத்துக் காம்பிராக்காரர் விடயம் அப்படியல்ல. 7ஆம் நாள் பன்றியைப் பிடித்தார், 9ஆம் நாள் காய்ச்சல், பொருந்துகிறது. அவருடைய பிள்ளைக்கு 8ஆம் நாள் காய்ச்சல், அது 7ஆம் நாளே கொடுக்கத் தொடங்கியிருக்கலாம், அதுவும் பொருந்துகிறது. நாட்காட்டி இங்கே கைவிட்டுவிடுகிறது.

மரபணு வரிசை தீர்த்துவைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்கைப் பார்க்க வேண்டும். இன்ஃபுளுவென்சா ஏ வைரஸின் முழு ஆர்என்ஏயும் ஏறத்தாழ 13,500 எழுத்துகள். ஆண்டுக்கு நாற்பது ஐம்பது எழுத்து மாறும் என்று எடுத்துக்கொண்டால், வாரத்துக்கு ஒன்றுதான். பத்து நாளில் நடந்து முடிந்த தொடரில் பிள்ளையின் வைரஸும் தகப்பனின் வைரஸும் பன்றியின் வைரஸும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கலாம். பன்றிகளிடம் மட்டும் தோன்றிய ஒரு மாற்றம் பக்கத்துக்காரரிடமும் இருந்தால், பன்றியிலிருந்து திரும்பி வந்தது என்பதற்கு வலுவான சான்று. அந்த மாற்றம் இல்லாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. "பன்றியிலிருந்து வரவில்லை" என்று அதை வாசிப்பது பெரிய பிழை.

வைரஸ் விலங்குகளுக்குள் பல வாரம் சுற்றியபின் வெளியே வந்தால் கதை வேறு. நெதர்லாந்தில் மென்மயிருக்காக வளர்க்கும் மிங்க் என்ற சிறு விலங்கின் பண்ணைகளில் 2020இல் நடந்தது அதுதான். கொவிட் வைரஸை மனிதர் பண்ணைக்குள் கொண்டுபோனார்கள், ஆயிரக்கணக்கான மிங்குகளுக்குள் அது தனக்கே உரிய மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த மாற்றங்களோடு அதே வைரஸ் பண்ணைத் தொழிலாளர்களிடம் திரும்பக் கிடைத்தபோது திசையில் ஐயம் இருக்கவில்லை. டென்மார்க் அதே ஆண்டு நவம்பரில் நாட்டிலுள்ள மிங்குகள் அனைத்தையும் அழிக்க முடிவெடுத்தது இப்படித் திரும்பி வரும் பாதையைக் கண்டதால்தான்.

பன்றியை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும்

மனித இன்ஃபுளுவென்சா வைரஸ்களும் பறவை இன்ஃபுளுவென்சா வைரஸ்களும் சுவாசப்பாதைக் கலங்களில் பற்றும் சியாலிக் அமிலப் பிடிகள் வெவ்வேறு வடிவமானவை. பன்றியின் சுவாசப்பாதையில் இரண்டு வடிவமும் உண்டு. இந்த வைரஸின் மரபணுத் தொகுதி எட்டுத் தனித்துண்டுகளாக இருக்கிறது. ஒரே கலத்துக்குள் இரண்டு வகை வைரஸ் புகுந்தால் துண்டுகள் கலந்து புது வைரஸ் வெளிவரலாம். 2009 பெருந்தொற்று வைரஸே பன்றிகளுக்குள் பல வம்சங்களின் துண்டுகள் கலந்து உருவானதுதான். கொட்டிலைச் சுற்றிக் கோழிகள் மேய்வதும், கோழிச் சாணம் தீனித் தொட்டியில் விழுவதும் மலையகத்தில் சாதாரணக் காட்சி. மனித வைரஸ் பன்றிக்குள் போவதைத் தடுப்பது பன்றியின் நலத்துக்கு மட்டுமன்றி நம் நலத்துக்கும்தான். திரும்பி வரும்போது அது போன வைரஸாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

குளிரும் இதற்குத் துணை போகிறது. பனிக்கு அஞ்சி உரப்பையால் மூடிய கொட்டிலில் காற்று மாறுவதில்லை. சிறுநீரின் அமோனியா தேங்கி மூச்சுப்பாதையை அரிக்கிறது, இருமலில் வந்த நுண்துளிகள் உள்ளேயே நிற்கின்றன. குட்டிகள் படுக்கும் உயரம்வரை அடைப்பை வைத்துக்கொண்டு, கூரைக்குக் கீழே இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் ஒரு முழ அகலத்துக்குத் திறந்துவிட வேண்டும். தரையில் உலர்ந்த வைக்கோலோ மரத்தூளோ தடிப்பாகப் போட்டால் குளிர் தாங்கும்.

என்ன செய்திருக்க வேண்டும்

எல்லாம் 0ஆம் நாளில் தொடங்குகிறது, பன்றி இன்னும் நலமாக இருக்கும்போதே. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலோடு இருமல் என்றால், அந்த வீட்டில் நலமாக இருப்பவர் மட்டுமே கொட்டிலுக்குப் போக வேண்டும். நோயுற்றவர் அறிகுறி தொடங்கியதிலிருந்து ஏழு நாளும், பனடோல் இல்லாமல் காய்ச்சல் விட்டு ஒரு முழு நாளும் கழியும்வரை உள்ளே இறங்கக்கூடாது. இரண்டில் எது பிந்தியதோ அதுவே கணக்கு.

தகப்பனைப் போல மாற்று ஆள் இல்லாதவருக்கு இந்த விதியை மட்டும் சொல்லிவிட்டு வருவது அறிவுரை ஆகாது. லயத்தில் பன்றி வளர்க்கும் இரண்டு மூன்று வீடுகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு முடியாதபோது மற்றவர் தீனி வைப்பார். அப்படி உதவ வருபவர் தன் பன்றிகளை முதலில் முடித்துவிட்டு, அந்தக் கொட்டிலுக்கென்று இருக்கும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கடைசியாக வர வேண்டும். தன் வாளியைக் கொண்டுவரவும் கூடாது, அங்குள்ள வாளியைக் கொண்டுபோகவும் கூடாது. அதற்கும் வழி இல்லையென்றால், நோயுற்றவர் மூக்கும் வாயும் இறுக மூடிய முகக்கவசத்தோடு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, தடுப்புச் சுவருக்கு வெளியே நின்றபடி தீனியைக் கொட்டிவிட்டுத் திரும்பலாம். கழுவுதல், குட்டியைத் தூக்குதல், மருந்து பருக்குதல் எல்லாம் ஒரு வாரம் நிற்கட்டும். நீளமான கைபிடி உள்ள தகர டப்பா ஒன்று இருந்தால் தொட்டிக்கு மேல் குனியாமல் தீனி ஊற்றலாம்.

பன்றி விழுந்தபின் முகக்கவசம் எதிர்த்திசைக்கும் தேவை. கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், வயதானவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் கொட்டில் பக்கம் போகவே கூடாது. 2009 வைரஸ் கர்ப்பிணிகளை எவ்வளவு கடுமையாகத் தாக்கியது என்பது உலகெங்கும் பதிவானது. இவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரியோடு நிறுத்தாமல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். ஒசெல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

தரை கழுவுவதில் நடக்கும் பிழையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடரை நேரே சாணத்தின்மேல் தூவுகிறார்கள். சாணம் குளோரினைத் தின்றுவிடும், வைரஸுக்கு ஒன்றும் மிஞ்சாது. தேங்கிய சிறுநீரின் அமோனியாவோடு குளோரின் சேர்ந்தால் கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் குளோரமின் வாயு கிளம்பும். ஏற்கனவே நுரையீரல் புண்ணாகியிருக்கும் பன்றிக்கும், காய்ச்சலில் இருந்து எழுந்த மனிதருக்கும் அது வேண்டாத கேடு. முதலில் சாணத்தை வாரி எடுத்து, சவர்க்காரத் தண்ணீரும் விளக்குமாறும் கொண்டு தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசி, நீர் வடிந்தபின்தான் பிளீச். பன்றிகள் ஒரு பக்கம் அடைபட்டிருக்கும்போது மறுபக்கம் செய்ய வேண்டும்.

அளவு இது. 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால், கழுவிய தரைக்கும் தொட்டிக்கும் 10 லீற்றர் தண்ணீருக்கு 33 கிராம், அதாவது 0.1 சதவீதக் கரைசல். சளியும் சாணமும் பட்ட இடத்துக்கும் பூட்ஸுக்கும் 10 லீற்றருக்கு 165 கிராம், 0.5 சதவீதம். கலக்கிவிட்டு அடியில் மண்டி படியவிட்டு மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். குறைந்தது பத்து நிமிடம் ஈரமாக நின்றபின் அலசிவிடலாம். அன்றன்று கலக்க வேண்டும். மலையகத்து ஈரத்தில் வாய் திறந்து வைத்த பவுடர் சில வாரத்தில் கட்டிபட்டு வலுவிழந்துவிடும், மணமே இல்லாத பவுடரை எவ்வளவு போட்டும் பயனில்லை. பூட்ஸின் அடியில் அப்பிய சாணத்தைக் குச்சியால் சுரண்டித் தூரிகையால் தேய்க்காமல் கரைசலில் முக்கி எடுப்பது வெறும் சடங்கு.

பின்தங்கிய அந்த ஒரு குட்டிக்கு அன்டிபயட்டிக் தேவைப்படலாம், வைரஸுக்குப் பின் பக்றீரியா நுரையீரலில் ஏறியிருக்கும். மற்ற ஏழுக்கும் தேவையில்லை. வைரஸ் மீது அது வேலை செய்யாது. கொடுத்த குட்டியை மருந்தின் விலக்குக் காலம் (மருந்து இறைச்சியிலிருந்து நீங்க விட வேண்டிய காலம்) முடியும்வரை அறுக்கக்கூடாது. நன்றாகச் சமைத்த பன்றி இறைச்சியால் இன்ஃபுளுவென்சா வராது. ஆபத்து தின்பதில் இல்லை, நோயுற்ற பன்றியைப் பிடிப்பதிலும் அறுப்பதிலும் இருக்கிறது.

ஓட்டல் மிச்சத்தை நிறுத்துவதே சிறந்தது. நிறுத்த முடியாதவர் அரை மணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும், கொதித்ததையும் கொதிக்காததையும் ஒரே வாளியில் ஊற்றக்கூடாது. இது இன்ஃபுளுவென்சாவுக்காக அல்ல, ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்காக.

கொட்டிலுக்கு வெளியே

மனிதர் தமக்குத் தெரியாமல் விலங்குக்கு வைரஸ் கொடுப்பது பன்றியோடு நிற்பதில்லை. 2021இல் சென்னை வண்டலூர் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொவிட் வந்ததையும் அதே ஆண்டு தெகிவளையில் ஒரு சிங்கத்துக்கு வந்ததையும் நம்மில் பலர் செய்தியில் படித்திருப்போம். அந்தச் சிங்கங்கள் கூண்டை விட்டு எங்கும் போகவில்லை. உகண்டாவின் கிபாலே காட்டில் 2013இல் சிம்பன்சிகளைக் கொன்றது மனிதருக்கு வெறும் தடிமன் தரும் ரைனோ வைரஸ் வகை ஒன்று. லயத்துக் கூரைக்கும் கோயில் வாசலுக்கும் வரும் குரங்குக்குக் கடித்த வாழைப்பழத்தின் மிச்சத்தை எறிவதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

பழமரத்தடியில் கொட்டில் கட்டுவதும் தவிர்க்க வேண்டியது. 1998–99இல் மலேசியாவில் நிபா வைரஸ் பரவிய பாதை இதுதான்: பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம், அதைத் தின்ற பன்றி, அந்தப் பன்றியைப் பார்த்த மனிதர். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகள் அழிக்கப்பட்டன. பேராதனைப் பூங்கா மரங்களில் தொங்கும் பெரிய வௌவால்களும் அதே இனக்குழுவைச் சேர்ந்தவை. அவற்றை விரட்டுவதோ கொல்வதோ வழியல்ல. கொட்டிலுக்கு மேல் பழுக்கும் மரம் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், தீனித்தொட்டிக்குக் கூரை இருப்பதும் போதும்.

மாட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் எச்5என்1 பறவை இன்ஃபுளுவென்சா கறவை மாடுகளில் கண்டறியப்பட்டது. வைரஸ் மிக அதிகமாக இருந்தது மடியிலும் பாலிலும், பால் கறந்தவர்கள் சிலருக்குக் கண் சிவந்து தொற்று வந்தது. மாடு இன்ஃபுளுவென்சாவுக்கு இடம் கொடாது என்ற பழைய நம்பிக்கை அதோடு போய்விட்டது. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் இங்கே பெரிய காவல். கறக்கும்போது கண்ணில் பால் தெறித்தால் உடனே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

கட்டுப்பாட்டை விலக்குதல்

கடைசிப் பன்றி நலமாகி 14 நாள் கழிந்து, ஒரு வார இடைவெளியில் எடுத்த இரண்டு கயிற்று மாதிரிகளிலும் வைரஸ் இல்லையென்று வந்தால், மிருக வைத்திய அதிகாரியின் எழுத்து அனுமதியோடு பன்றிகளை விற்கலாம். புதிய குட்டிகளை அதற்குப் பின்னரே கொண்டுவர வேண்டும். வந்தவற்றை மூன்று வாரமாவது தனியாக வைத்து, கொட்டில் வேலையை அவற்றோடு கடைசியாக முடிக்க வேண்டும்.

நோய் தொடங்கியபோது எடுத்த இரத்தத்தோடு ஒப்பிட மூன்றாம் வாரத்தில் இரண்டாவது இரத்த மாதிரி எடுக்கப்படும். எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் அண்மைத் தொற்று உறுதி. மூக்கு மாதிரியைத் தவறவிட்ட இடத்தில் மிஞ்சும் வழி இது. குட்டிகள் மிக இளையவை என்றால் சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்பொருள் கணக்கைக் குழப்பும், எனவே தாய்ப்பன்றியின் இரத்தத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பக்கத்துக் காம்பிராக்காரரின் இரத்தம் அவருக்கு எச்1என்1 வந்தது என்று சொல்லும், யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. அவருடைய வரிக்கு நேரே "திசை தீர்மானிக்கப்படவில்லை" என்று எழுதி, அவருடைய மூக்கு மாதிரியையும் பன்றிகளின் மாதிரிகளையும் மைனஸ் 70 பாகையில் வைக்க வேண்டும். அடுத்த மாதம் அதே லயத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ பன்றிகள் மறுபடி இருமினால், அன்று கிடைக்கும் வைரஸை ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் குழாய்கள் வேண்டியிருக்கும்.